மலைமேல் விரித்த வைக்கோல்

மழை வருவதும் வராததும் மலையின் மனத்தைப் பொறுத்தது என்று மனிதர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ராசாக்களின் கண்ணில் படாமலேயே பிழைத்துக் கிடந்த ஊர் ஒன்று அப்போது இருந்தது. பேர் நெடுங்கரை. ஊருக்கு மேற்கே தேனடுக்கு மலை. நான் சொல்லப்போவது அந்த மலையின் கதைதான். ஆனாலும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மலையை இல்லை. அதன் அடிவாரத்தில், ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற வைக்கோற்போரைப் பாருங்கள்.

வீட்டுக் கூரையைவிட உயரமான போர் அது. நெடுங்கரையில் தை அறுவடை முடிந்ததும், உழவு மாடுகள் தவிர மற்ற மாடுகளை எல்லாம் யாராவது ஒருவர் மலைக்கு அப்பால் ஓட்டிப் போவார். அங்கே கோடையிலும் புல் கிடைக்கும். ஆனி மாதச் சாரல் விழும்போது திரும்பி வருவார். அவர் போன அன்றே ஊர் கூடி அவர் வீட்டு முற்றத்தில் ஒரு போர் போட்டுவிடும். களைத்து வரும் மாடுகளுக்கு முதல் தீனி அதுதான். மலை உச்சியில் நின்று பார்த்தால் அந்தப் போர் மஞ்சளாகத் தெரியும். உனக்காகக் காத்திருக்கிறோம், இறங்கி வா என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் போரிலிருந்து ஒரு பிடி உருவவும் யாருக்கும் உரிமை கிடையாது. போரைப் பிரித்துவிட்டால், போனவர் இறந்துவிட்டார் என்று பொருள். அவருக்குக் காரியம் செய்து முடித்துவிடுவார்கள். பிறகு அவர் உயிரோடு வந்தாலும், உச்சியில் நின்று போர் இல்லாததைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட வேண்டும். கொடுமையான வழக்கம்தான். அதை வகுத்தவர்களில் ஒருவரும் அந்த உச்சியில் நின்று கீழே பார்த்ததில்லை போலிருக்கிறது.

அந்த ஆண்டு மாடு ஓட்டிப் போனவன் சடையன். காத்திருந்தவள் அவன் மனைவி காராயி. அவளோடு சேர்ந்து காத்திருந்தவள் அவனைப் பெற்ற பேச்சி.

அவன் புறப்பட்ட அன்று காலம் தப்பி ஒரு தூறல் போட்டிருந்தது. மாடுகளை முன்னால் விட்டு, போர் போட இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் நின்றுகொண்டு காராயியைத் திரும்பிப் பார்த்தான்.

“சாரலுக்கு வந்துருவேன் புள்ள. மேலேருந்து நம்ம போரு கண்ணுல பட்டுச்சுன்னா, பாதி வீட்டுக்கு வந்த மாதிரி.”

அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான். அவன் நின்ற இடத்தில் இடது காலடி ஒன்று ஆழமாகப் பதிந்து கிடந்தது. வெயில் ஏறியதும் அது அப்படியே காய்ந்து இறுகியது. பெருவிரல், குதிகால், குதிகாலில் இருந்த வெடிப்பு எல்லாம் தெரிந்தது. காராயி தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தெளித்தாள். கோழி கிளறிவிடுமோ என்று பயந்து, போரிலிருந்து தானாக உதிர்ந்த வைக்கோலைக் கூட்டி அதன்மேல் போட்டு வைத்தாள்.

பேச்சி அதைப் பார்த்துவிட்டாள். “என்ன காராயி, காலடிக்குக் கூரை போடுறியா?”

“கோழி கெளறுது அத்தை.”

“ஆமா, கோழிதான் கெளறுது” என்றாள் பேச்சி. மறுநாள் பார்த்தால் காலடிமேல் வைக்கோல் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. யார் போட்டது என்று காராயி கேட்கவில்லை.

பங்குனியில் மலை பற்றி எரிந்தது. மூங்கிலோடு மூங்கில் உரசியதாகச் சொன்னார்கள். காற்று ஊர்ப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கஞ்சிப் பானையில் சாம்பல் விழுந்தது. தேக்கும் வேங்கையும் எரிந்தன. தேன்கூடுகள் எரிந்தன. தீ தானாகவே தின்று முடித்து அடங்கியபோது, தேனடுக்கு மலை அடுப்புக்கட்டி போல் கறுத்து நின்றது.

அந்த மலைக்கு அப்பால்தான் சடையன் இருந்தான். இருந்தானா இல்லையா என்று சொல்ல யாரும் இல்லை.

நெடுங்கரைக்காரர்கள் மலைக்காக அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள். அவர்களுக்கு அது தாய் வீடு. சாவு விழுந்த வீட்டில் என்ன செய்வோம்? அழுது முடித்ததும் கூட்டிப் பெருக்குவோம். ஊர்த்தலைவர் வீரணனும் அதையே சொன்னார். வீரணன் கெட்டவர் இல்லை. எதையும் ஒழுங்காக முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் அவருக்கு உண்டு.

“எழவு வீட்டைக் கூட்டாமப் போட்டு வைக்கலாமா? எல்லாரும் வெளக்குமாத்தை எடுங்க” என்றார்.

ஊரே மலையேறிக் கூட்டியது. கருகி உதிர்ந்த இலைகளைக் கூட்டினார்கள். அரைகுறையாக எரிந்த சுள்ளிகளைப் பொறுக்கி விறகுக்குக் கட்டினார்கள். சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து வயலில் கொட்டினார்கள். வீட்டுத் தரை மாதிரி மலையைத் துடைத்து வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார்கள். உலகத்தில் வேறு எந்த ஊருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

காராயியும் கூட்டினாள். மாடுகள் ஏறி இறங்கும் ஏறுவழிச் சரிவைக் கேட்டு வாங்கிக் கூட்டினாள். அவள் சுத்தத்துக்காகக் கூட்டவில்லை. சாம்பலுக்குள் ஒரு தடிக்கம்பின் பூண் கிடக்குமோ, மாட்டு மணி கிடக்குமோ, வேறு ஏதாவது கிடக்குமோ என்று பயந்து பயந்து தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவளுக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவள் கூட்டிய சரிவுதான் மலையிலேயே சுத்தமான சரிவு.

அதன் பிறகு வீரணன் அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். முதல் தடவை வந்து மெதுவாகச் சொன்னார்: “போரைப் பிரிச்சிரு தாயி.” இரண்டாம் தடவை கண் கலங்கச் சொன்னார். மூன்றாம் தடவை ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து சொன்னார்.

மூன்று தடவையும் காராயி சொன்னது ஒன்றுதான். “சாரலுக்கு வர்றேன்னாக. சாரல் இன்னும் வரலியே ஐயா.”

சாரலுக்கு முன்னால் வைகாசியில் ஒரு கோடை மழை வந்தது. பெரிய மழைகூட இல்லை. ஆனால் துடைத்து வைத்த மலைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. துளி விழுந்த இடமெல்லாம் மண் தெறித்தது, தெறித்த மண் ஓடத் தொடங்கியது, ஓடிய மண் வழியில் இருந்ததை எல்லாம் இழுத்துக்கொண்டது. முதலில் கறுப்புத் தண்ணீர் வந்தது, பிறகு செம்மண் குழம்பு வந்தது. ஊர் குடிக்கும் சுனை சேற்றால் மூடிக்கொண்டது. மலையைக் கூட்டிவிட்டு வந்தவர்களின் வாசலுக்கு மலையே வந்து நின்றது.

மழை விட்டதும் காராயி ஏறுவழியைப் பார்க்க ஓடினாள். அடிவாரத்தில் பாதை இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. மேலே கற்கள் பிடிமானம் இல்லாமல் தொங்கின. இன்னும் நல்ல மழை ஒன்று பெய்தால் அந்தச் சரிவே இருக்காது. பிறகு மலைக்கு அப்பாலிருந்து ஆடு மாடு என்ன, ஆள்கூட இறங்க முடியாது.

வீட்டுக்கு ஓடி வந்தாள். முற்றமும் கழுவிக்கொண்டு போயிருந்தது. அடுப்புக்கல் உருண்டு வேலியோரம் கிடந்தது. அவளுக்குக் காலடி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் வைக்கோலை விலக்கினாள்.

காலடி அப்படியே இருந்தது. பெருவிரல் இருந்தது. குதிகால் வெடிப்பு இருந்தது. சுற்றிலும் முற்றமே கரைந்து போயிருக்க, அந்த ஒரு பாதம் மட்டும் மண்ணில் நின்றது.

காராயி அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதால் புத்தி மங்கிவிடும் சிலருக்கு. சிலருக்கு அழும்போதுதான் புத்தி தெளியும். காராயி இரண்டாவது ரகம். அவள் கையிலிருந்த ஈர வைக்கோலைப் பார்த்தாள். காலடியைப் பார்த்தாள். நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். மழைத்துளியின் அடியை வைக்கோல் வாங்கிக்கொண்டது, மண் தப்பித்தது. இவ்வளவுதானே விஷயம்!

உடனே ஊருக்குள் போய் வைக்கோல் கேட்டாள். முதல் வீட்டில், உழவு மாடு எதைத் தின்னும் என்றார்கள். அடுத்த வீட்டில், கூரைக்கு வேண்டும் என்றார்கள். மூன்றாவது வீரணன் வீடு. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. “ஒன் முத்தத்துல நிக்கிதே தாயி, ஊர்லேயே பெரிய போரு” என்றார்.

அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதானே மற்ற வீடுகளில் கேட்டாள்.

காராயி வந்து போரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வைக்கோலில் தை மாத வாசம் இன்னும் மிச்சம் இருந்தது. போரை இப்படியே விட்டால், அவன் உச்சிக்கு வந்ததும் அதைப் பார்ப்பான். சந்தோஷப்படுவான். ஆனால் இறங்க வழி இருக்காது. போரைப் பிரித்தால் வழி நிற்கும். ஆனால் அவன் உச்சியில் நின்று பார்ப்பான், போரைக் காணாமல் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுவான். இவளுக்கு அவன் வேண்டும். ஊருக்குள் அவன் தடிக்கம்பு சத்தம் வேண்டும். சாப்பிட்டு முடித்து இன்னும் கொஞ்சம் கேட்கும் அந்தக் கை நீட்டல் வேண்டும். வேறொன்றும் அவள் யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச் சுவராக இருந்தது.

பேச்சி வந்து பக்கத்தில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள். மலையை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் பெத்தவ, எனக்கு அவனைத் தெரியும்” என்றாள். “போரைக் காணோம்னா என் மவன் சும்மா போயிர மாட்டான். ‘எம் போரை எவன்டா பிரிச்சது’ன்னு சண்டை போடவாச்சும் ஒரு எட்டு எறங்கி வருவான். எறங்குறதுக்கு வழி வேணும்ல?”

சொல்லிவிட்டு முதல் பிடியை அவளே உருவினாள்.  அடுத்த பிடியைக் காராயி உருவினாள்.

போரைப் பிரிக்கிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் பரவியது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து சடையனுக்கு ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். வெண்கலக் குரல் உள்ள ஒருத்தி, அவன் தேர் ஏறிப் போனதாகவே பாடிவிட்டாள்.

காராயி கையிலிருந்த கட்டைக் கீழே போட்டாள். “அழ வந்தவுக எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டுத் தூக்குங்க. அழுதுக்கிட்டே தூக்கினாலும் சரிதான்.”

ஒப்பாரி பாதியில் நின்றது. வீரணன் முன்னால் வந்தார். “என்ன பேச்சு தாயி இது? போரைப் பிரிச்சா என்ன அர்த்தம்னு தெரியும்ல? தாலி…”

“போரு இருக்கணும்னுதானே வழக்கம் ஐயா? எந்த எடத்துல இருக்கணும்னு எவுகளாவது சொல்லியிருக்காகளா? இத்தனை நாளும் முத்தத்துல நின்னுச்சு. இனிமே மலையில படுத்துக்கெடக்கும். நான் பிரிக்கல. எடம் மாத்துறேன்.”

 படுத்துக்கொண்ட போரைப் பற்றி வழக்கம் ஒன்றும் சொல்லவில்லைதான். “யோசிச்சுச் சொல்றேன்” என்றார் வீரணன். அவர் யோசித்து முடிப்பதற்குள் பாதிப் போர் மலையேறிவிட்டது.

எடுத்த எடுப்பில் எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. முதலில் கட்டுக்கட்டாகக் கொட்டினார்கள். காற்று வந்து அள்ளிக்கொண்டு போனது. பிறகு மெத்தை மாதிரி தடிமனாகப் போட்டார்கள். விதை முளைத்தால் வெளியே வர முடியாதே என்று பேச்சிதான் சொன்னாள். கடைசியில் மண் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாக உதறி விரித்தார்கள். காற்றுக்கு என்ன செய்வது? விறகுக்கென்று வீட்டில் அடுக்கி வைத்திருந்த கரிந்த சுள்ளிகளை மறுபடியும் மலைக்குச் சுமந்து, சரிவுக்குக் குறுக்கே வைக்கோல்மேல் பாரமாக வைத்தார்கள். கூட்டி இறக்கியதை எல்லாம் கூட்டியவர்களே ஏற்றினார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்தால் தாங்களும் மாட்டிக்கொள்வோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆனியில் சாரல் வந்தது. சடையன் வரவில்லை.

மற்ற சரிவுகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து இறங்கின. ஏறுவழிச் சரிவு மட்டும் மழையைக் குடித்துவிட்டு அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வைக்கோல் வந்தது. வீரணன் தன் மாட்டுத் தொழுவத்துக் கூரையையே பிரித்துக் கொடுத்துவிட்டு, மாடுகளைத் தன் வீட்டுக்குள் கட்டிக்கொண்டார்.

ஆடியில் மழை வலுத்தது. பாதை வளையும் இடத்தில், ஒரு பாறைக்கு மேலே, கொஞ்சம் இடம் மட்டும் வெறுமையாக விடுபட்டிருந்தது. அங்கிருந்து மண் கசியத் தொடங்கியதை ஒரு மத்தியானம் காராயி பார்த்தாள். அந்த வாய் பெரிதானால் வளைவு முழுவதும் போய்விடும். ஊரில் இனி வைக்கோல் இல்லை. இருப்பது ஒரே ஒரு கூடை. அது காலடிமேல் இருந்தது.

அவள் முற்றத்தில் வெகுநேரம் நிற்கவில்லை. நின்றால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். குனிந்து வைக்கோலை அள்ளிக் கூடையில் போட்டாள். கடைசியாக ஒருமுறை அந்தப் பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு மலையேறினாள்.

திரும்பி வரும்போது முற்றத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காலடி இருந்த இடத்தை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேச்சி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.  அன்று அடுப்பு எரியவில்லை.

ஆவணியில் வைக்கோலுக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. புரட்டாசியில் புல் முழங்கால் உயரம் வந்தது. புல்லுக்கு நடுவே வேங்கைக் கன்றுகள் தலை காட்டின. சேறு வாரிய சுனையில் தெளிந்த தண்ணீர் ஊறியது. ஊர் சந்தோஷமாக இருந்தது. காராயிக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அந்த வளைவில் போய் உட்கார்ந்து உச்சியைப் பார்த்தாள். பச்சை ஏற ஏற அவளுக்கு ஏக்கமும் ஏறியது. இவ்வளவும் அவன் பார்க்க வேண்டியது. பார்க்க அவன் இல்லை. உச்சியில் மேகம் மனித உருவத்தில் நின்று, கலைந்து, அவளைப் பலமுறை ஏமாற்றியது. வந்து பார்த்திருப்பானோ, போரைக் காணாமல் திரும்பியிருப்பானோ என்ற நினைப்புத்தான் அவளைத் தின்றது.

ஐப்பசி போனது. கார்த்திகை போனது. மார்கழிப் பனியும் போனது.

தை பிறந்த ஒரு காலையில், காராயி சரிவைப் பார்த்துப் பதறினாள். தன் புல்லில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன! எவன் ஊர் மாடோ, எங்கிருந்து ஏறியதோ! ஒரு கம்பைப் பிடுங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினாள்.

“ஏய், ஓடு! கன்னெல்லாம் மிதிபடுது, ஓடு! எந்த எடுபட்ட பய மாடு இது, மேய்க்க ஆளில்லையா?”

“ஆளு இருக்கு புள்ள” என்று ஒரு குரல் கேட்டது.

வளைவுப் பாறைக்கு மேலே, புல்லுக்குள் ஒரு மனிதன் நின்றிருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். தாடி நெஞ்சைத் தொட்டது. கையில் பூண் போட்ட தடிக்கம்பு.

தீக்குப் பயந்து மாடுகளோடு வெகுதூரம் போய்விட்டான். பிறகு அந்தப் பக்கத்து மலை எல்லாம் சரிந்து வழியை அடைத்துக்கொண்டது. சுற்றிச் சுற்றி, நேற்றுத்தான் உச்சியைத் தொட்டான்.

“மேலேருந்து பார்த்தேன். போரைக் காணோம்” என்றான்.  “காரியம் பண்ணிட்டாகன்னு புரிஞ்சுபோச்சு. வழக்கப்படி திரும்பிரணும்னு மாட்டை மடக்குறேன், ஒண்ணுகூட மடங்கல. எல்லா மலையும் செவந்துகெடக்க, இது ஒண்ணு மட்டும் பச்சையா நம்ம வாசல் வரைக்கும் எறங்குது. பசிச்ச மாடு, எம் பேச்சைக் கேக்குமா? அதுக ஓடுச்சு. அதுக பின்னால நான் ஓடியாந்தேன். ஆத்தாவை ஒரு தடவை தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போயிர்றேன்.” தடிக்கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டான். “எம் போரை ஏன் புள்ள பிரிச்ச?”

 காராயி கம்பைக் கீழே போட்டாள். அவன் காலுக்குக் கீழே சுட்டிக் காட்டினாள். புல்லுக்கு அடியில், மக்கிக் கறுத்த வைக்கோல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“நீங்க அதுமேலதான் நிக்கிறீக” என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். விரலால் வைக்கோலை விலக்கினான். அதற்குக் கீழே ஈர மண் கறுத்து, குளிர்ந்து இருந்தது. அவன் அங்கே இடது காலை ஊன்றி எடுத்தபோது, அந்த மண்ணில் பெருவிரலும் குதிகால் வெடிப்பும் பதிந்திருந்தன. காராயி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். சுற்றிலும் மாடுகள் அவளுடைய புல்லைத் தின்றுகொண்டிருந்தன. களைத்து வரும் மாடுகளுக்கு அந்தப் போர்தானே முதல் தீனி? தின்னட்டும் என்று விட்டுவிட்டாள்.

கீழே வாசற்படியிலிருந்து பேச்சி கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். உயரமான ஆள் ஒன்றும், பக்கத்தில் காராயியும் இறங்கி வருவது தெரிந்தது. “சண்டை போடத்தானே வர்றே, வா வா” என்று சொல்லிக்கொண்டே உலை வைக்க உள்ளே போனாள்.

அன்றிலிருந்து நெடுங்கரையில் மலை எரிந்தால் யாரும் விளக்குமாற்றைத் தொடுவதில்லை, வைக்கோலைத்தான் எடுக்கிறார்கள். போர் இல்லை என்று யாரும் உச்சியிலிருந்து திரும்பிப் போவதும் இல்லை.

இதைக் கேட்டவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்காகக் காத்திருப்பவர், அவர் வந்து சேரும் வழியைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.